குன்றுக்கு ஒரு கடிதம்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே ரகந்தான். 'அபாரம், அற்புதம், உங்கள் பேனாவுக்கு நமஸ்காரம்' என்பது ஒன்று. 'உமக்கு ஏன் இந்த வேலை?' என்பது மற்றொன்று. முன்னதைப் படித்தால் அன்றைக்குக் காப்பி கொஞ்சம் ருசிக்கும்; பின்னதைப் படித்தால் ருசிக்காது. அதற்கு மேல் இரண்டாலும் பிரயோசனம் இல்லை. அபூர்வமாக மூன்றாவது ரகம் ஒன்று வரும். 'உங்கள் கதாநாயகி பதினோராம் அத்தியாயத்தில் எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாளோ, அங்கே அந்த வண்டி நிற்பதே இல்லை' என்று ஒரு கார்டு. திட்டுமில்லை, புகழ்ச்சியுமில்லை. ஆனால் அந்த மனிதர் பதினோராம் அத்தியாயம் வரையில் வந்திருக்கிறார். கதாநாயகியோடு பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார்.

அந்த மூன்றாம் ரகத்தில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த கடிதத்தைச் சென்ற குளிர்காலத்தில் பார்த்தேன். அது எனக்கு வந்ததல்ல. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு குன்றின் நிர்வாகிக்குப் போனது. எழுதியவர்கள் நான்கு பையன்கள். மூத்தவனுக்குப் பதினாறு வயது. அவர்களில் ஒருவன் என் பேரன்.

மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய புறநகர் ஒன்றில் என் பெண் குடியிருக்கிறாள். டிசம்பரில் போய் இறங்கினேன். மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் கிழவனுக்கு என்ன பொழுதுபோக்கு இருக்கும்? பேரனைக் காரில் ஏற்றிக்கொண்டு மகள் பனிச்சறுக்குக் குன்றுக்குப் புறப்படும்போதெல்லாம் நானும் மூன்று கம்பளிகளுக்குள் புகுந்துகொண்டு கூடப் போய்விடுவேன். அங்கே கண்ணாடி போட்ட கூடம் ஒன்று உண்டு. சூடான சாக்லேட் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு குன்றைப் பார்க்கலாம்.

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு ஆல்ப்ஸ் மலைதான் ஞாபகம் வரும். மினசோட்டா பெரும்பாலும் தட்டையான தேசம். ஆனாலும் அங்கே குன்றுகளுக்குத் தனிப் பெருமை உண்டு. பக் ஹில் என்று ஒன்று 1954-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை சுமார் 95 மீட்டர். நம் திருச்சி மலைக்கோட்டையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அங்கே சறுக்கிப் பழகிய லிண்ட்ஸி வான் 2010-ஆம் வருஷம் வான்கூவர் ஒலிம்பிக்ஸில் டவுன்ஹில் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். எங்கள் பையன்களின் குன்று அதையும்விடச் சிறியது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

அந்தக் குன்றின் ஓர் ஓரத்தில் 'டெரெய்ன் பார்க்' என்று ஒரு சரிவை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க் என்றால் பூஞ்செடியும் பெஞ்சும் இல்லை. பனியிலேயே கட்டிய தாவுமேடுகள், இரும்புக் கம்பிகள், வழவழப்பான மேல்தளம் போட்ட நீளப் பெட்டிகள். ஸ்னோபோர்டு என்கிற ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் பிணைத்துக்கொண்டு வந்து, மேட்டில் ஏறி ஆகாயத்தில் சுழன்று இறங்குகிறார்கள். கம்பிமேல் குறுக்காக வழுக்கிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு நின்றுபோகிறது.

இந்தப் பலகையின் வம்சம் ஒன்றும் பழமையானதல்ல. 1965-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, மிச்சிகனில் மஸ்கீகன் என்ற ஊரில், ஷெர்மன் பாப்பென் என்பவர் வீட்டில் தொந்தரவு செய்த பெண் குழந்தைகளைச் சமாளிக்க இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வந்தது. பிறகு அது வளர்ந்து ஸ்னோபோர்டு ஆயிற்று. ரொம்ப நாள் வரை பெரிய சறுக்கு மையங்கள் பலவும் அதை உள்ளேயே விடவில்லை. 1998-இல் ஜப்பானில் நகானோ ஒலிம்பிக்ஸில் இடம் கிடைத்தது. கம்பியும் தாவுமேடும் சேர்ந்த போட்டி 2014-இல் சோச்சியில் சேர்ந்தது. குழந்தைகளின் தொந்தரவு எங்கே கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது!

மேலே ஏறுவதற்கு அந்தப் பார்க்கில் நாற்காலி வண்டி இல்லை. ஓயாமல் ஓடும் கயிறு ஒன்றுதான். அதைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டியது, இழுத்துக்கொண்டு போய்விடும். 1934-இல் வெர்மான்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரில் பழைய ஃபோர்டு கார் எஞ்சினை மாட்டி அமெரிக்காவில் முதல்முதலாக ஓட்டியதும் இதே ஏற்பாடுதான். தோல் கையுறைகள் மாதத்துக்கு ஒரு ஜோடி தேய்கின்றன என்று என் மகள் அங்கலாய்க்கிறாள். ஆனால் ஒரு நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஒரு சாயங்காலத்தில் ஐம்பது தடவை இறங்கினேன் என்று பேரன் கணக்குச் சொன்னான். பெரிய மலையில் இதில் கால்வாசிகூட நடக்காதாம். ஒரே மேட்டில் ஐம்பது தடவை ஏறி இறங்குகிறவனுக்கு அந்த மேட்டின் ஒவ்வொரு சொட்டையும் தெரிந்துபோகும் அல்லவா? கடிதம் அங்கேதான் பிறந்தது.

அந்தப் பனி பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இரவில் குழல்களில் தண்ணீரையும் அமுக்கிய காற்றையும் கலந்து பீய்ச்சுகிறார்கள். அது உறைந்து பனியாய் விழுகிறது. 1950-இல் கனெக்டிகட்டில் பெயிண்ட் அடிக்கும் குழல் முனையையும் தோட்டக் குழாயையும் வைத்துக்கொண்டு மூன்று பேர் கண்டுபிடித்த வித்தை இது. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் சுழியத்துக்குச் சற்றுக் கீழே இருந்தாலே போதும்; ஈரம் அதிகமென்றால் இன்னும் குளிர வேண்டும். குளிரே வராவிட்டால்? 2023–24 குளிர்காலம் மினியாபொலிஸ் பக்கத்தில் கணக்கு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து மிகவும் வெதுவெதுப்பான குளிர்காலம். அந்த வருஷம் சின்னக் குன்றுக்காரர்கள் வானத்தைப் பார்த்த பார்வையை, ஆடி மாசத்தில் காவிரியைப் பார்க்கும் தஞ்சாவூர் மிராசுதாரரிடந்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, தாவுமேடு என்பது கட்டி முடித்துவிட்டுப் போகிற கட்டடம் இல்லை. பகலில் வெயிலில் இளகும். பையன்களின் பலகைகள் அதில் பள்ளம் பறிக்கும். இரவில் அந்தப் பள்ளம் அப்படியே கல்லாக உறைந்துவிடும். மறுநாள் யாராவது அகலப் பலுகு ஒன்றை எடுத்துக்கொண்டு சுரண்டிச் சமன் செய்தாக வேண்டும். கோலம் மாதிரி. தினம் போட வேண்டும்.

மேட்டின் சூட்சுமத்தைப் பேரன் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் விளக்கினான். கைக்கு அகப்பட்டது என் நாவல் ஒன்று. அதை நடுவில் விரித்துக் கவிழ்த்து வைத்தான். அமெரிக்காவில் என் இலக்கியத்துக்குக் கிடைத்த முதல் உபயோகம்.

"இந்தப் பக்கம் ஏறிப் போய்த் தாவணும், தாத்தா. அந்தப் பக்கச் சரிவிலே இறங்கணும். நாம வர்ற வாட்டமும் சரிவோட வாட்டமும் ஒண்ணா இருந்தா அடியே தெரியாது. சரிவு தேஞ்சு தட்டையாப் போச்சுன்னா மாடியிலேர்ந்து குதிச்ச மாதிரி."

இது வெறும் பையன் பேச்சல்ல. என்ஜினீயர்கள் இதை ஒரு கணக்காகவே செய்திருக்கிறார்கள்; எவ்வளவு உயரத்திலிருந்து தட்டைத் தரையில் விழுந்ததற்கு இந்த இறக்கம் சமம் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 2004-இல் வாஷிங்டன் மாநிலத்துச் சறுக்கு மையம் ஒன்றில் ஓர் இளைஞர் தாவி, இறங்கு சரிவையும் கடந்து தட்டையில் போய் விழுந்தார். கைகால்கள் செயலற்றுப் போயின. 2007-இல் ஜூரி அவருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தாவுமேடு வைத்திருக்கும் எந்த நிர்வாகிக்கும் நிம்மதியான தூக்கம் இருந்திராது.

எங்கள் குன்றில் ஜனவரி மாதத்தில் ஒரு வாரம் பனி இளகிற்று. பிறகு திடீரென்று கடுங்குளிர். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இரண்டாவது மேட்டில் தாவிய பையன், பேரனுடைய சிநேகிதன், இறங்குகிற இடத்தில் இருந்த குழியில் பலகை இடறி விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பெரிய விபத்து இல்லை. ஆனால் அந்தக் குழியைப் பற்றி அந்த வாரம் முழுவதும் கயிறு ஓட்டுகிறவரிடம் பையன்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

கட்டுப் போட்ட கையோடு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மற்ற இருவரும் வந்தார்கள். முதல் கடிதத்தை அன்றைக்கே எழுதினார்கள். 'அபாயகரமான', 'பொறுப்பற்ற', 'வெட்கக்கேடான' என்று வரிக்கு ஒரு வெடி. என் மகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறவள். படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இது நேரே வக்கீல் கைக்குப் போகும்டா. அவர் ரெண்டே நிமிஷத்திலே வழி சொல்லிடுவார்."

"குழியை மூடிடுவாரா?" என்றான் பேரன்.

"பார்க்கையே மூடிடுவார்."

அறை நிசப்தமாகிவிட்டது. மேட்டைச் செப்பனிட ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், தினம் வேண்டும். மேட்டை இடித்துத் தள்ளுவதற்கு யந்திரம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் போதும். 'உங்கள் மேடு ஆபத்து' என்று எழுதினால், 'சரி, மேடு இல்லை' என்று பதில் வரலாம். எழுதாமலே இருந்தால் அடுத்த சனிக்கிழமை வேறு ஒருவன் கை. அது மணிக்கட்டோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

"கை உடைஞ்சதை எழுத வேண்டாமே, மத்தது மட்டும் எழுதலாம்" என்றான் ஒருவன். கட்டுப் போட்டவனே அதை ஒப்புக்கொள்ளவில்லை. அது தன் கை, அது கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றான். எனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கையை வைத்துக்கொண்டார்கள், அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்வதில் என்ன நஷ்டம்?

கடிதத்தைப் பேரன் தமிழில் சொல்லிக் காட்டினான். முதல் பாராவில் ஒரு நன்றி. பலுகு பிடிக்கும் இளைஞர் ஒருவர் திங்கட்கிழமைகளில் மட்டும் வருகிறார், திங்கட்கிழமை மேடு எப்போதும் நன்றாக இருக்கிறது என்று. அது புகழ்ச்சியா, புகாரா? இரண்டுந்தான். அப்புறம், இரண்டாவது மேட்டின் உதட்டில் இடப்பக்கம் பள்ளம், தாவும்போது வலப்பக்கம் தள்ளுகிறது. இறங்கு சரிவின் தோள் தேய்ந்து தட்டையாகிவிட்டது. குழி இன்ன இடத்தில், இத்தனை அங்குலம். சனிக்கிழமை ஆறு மணிக்கு அதில் ஒருவனுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. நீளப் பெட்டியின் ஓரத்தில் ஒரு திருகாணி தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலிருந்து நாலாவது விளக்கு எரியவில்லை. அதனால் தாவுகிற இடத்தில் நிழல் விழுகிறது. நாலு மணிக்குக் கயிறு ஓடும் என்று பலகையில் இருக்கிறது, ஓடுவது நாலரைக்கு. கல்லாக உறைந்த நாட்களில் மேட்டின் முன்னால் இரண்டு மூங்கில்களைக் குறுக்கே நட்டு மூடிவிடுங்கள், நாங்கள் முணுமுணுக்க மாட்டோம். கடைசியாக, மேடு பெரிதாக வேண்டாம், இருப்பது சரியாக இருந்தால் போதும். பலுகு கொடுத்தால் நாங்களும் சுரண்டுகிறோம்.

பார்க்கின் வாசலில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வடிவப் பலகை ஒன்று உண்டு. தாவுமுன் பார், சின்னதில் ஆரம்பி என்ற தினுசில் சறுக்குகிறவனுக்குப் புத்திமதிகள். நல்ல புத்திமதிகள்தான். பையன்கள் பார்த்துவிட்டார்கள், பார்த்ததை எழுதிவிட்டார்கள். இனி முறை பலகை வைத்தவருடையது.

ஐந்து நாள் பதில் இல்லை. அந்த ஐந்து நாளும் பேரன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் போனபோது இரண்டாவது மேட்டின் முன்னால் மூங்கில்கள் குறுக்கே நின்றன. பையன்கள் மூவரும் கயிற்றடியிலேயே நின்றுவிட்டார்கள். மூடியது செப்பனிடவா, இடிக்கவா? கயிறு ஓட்டுகிறவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

நிர்வாகி கூடத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் குளிர் அறைந்த சிவப்பு. கடிதம் அவர் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்தது. ஓரத்தில் பென்சில் குறிகள். செவ்வாய்க்கிழமை பார்க் திறக்கு முன்னால் மூன்று மணிக்கு வர முடியுமா என்று கேட்டார். பலுகுகள் அவரிடமே இருக்கின்றனவாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். என் மகள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள், உத்தியோக தோஷம்.

மேடு பிப்ரவரி முதல் வாரத்தில் திறந்தது. முன்பைவிட உயரம் குறைவு, இறங்கு சரிவு செங்குத்து அதிகம். "குழந்தைங்க மேடு" என்று ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். பிதுக்கிவிட்டு அன்று மாலை முப்பது தடவை தாவினான். கட்டுப் போட்டவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாக்லேட் குடித்துக்கொண்டு, ஒவ்வொருவன் இறங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தான். திருகாணியை அடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். கயிறு நாலேகாலுக்கு ஓடுகிறது.

அடுத்த வருஷம் பார்க் உண்டா என்பது ஆகஸ்டில் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதுதான் தெரியும் என்று நிர்வாகி பையன்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நான் மார்ச் மாதம் சென்னைக்குப் புறப்பட்டேன். அதுவரையில் நாலாவது விளக்கு எரியவில்லை.