வளைவில் நட்ட சவுக்கு

12 வருடங்களுக்கு முன்பு லால்குடிப் பக்கம் வேலை பார்த்தேன். வாழை அதிகமுள்ள பகுதி. ஆடிக் காற்றில் மரம் சாயாமல் இருக்க, தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாகச் சவுக்கு நடச் சொல்வோம். ரோட்டு வளைவில் இருந்த ஒரு தோட்டத்திலும் அப்படித்தான் சொன்னேன். இரண்டே வருடத்தில் சுவர் மாதிரி வளர்ந்துவிட்டது. அந்த ஆடியில் ஒரு வாழைகூடச் சாயவில்லை. எனக்கு ஒரே பெருமை.

அதே வளைவில்தான், பள்ளிக்கூடம் போன பிளஸ் ஒன் மாணவி மீது வாழைத்தார் ஏற்றிய மினி லாரி மோதியது. அரசு கொடுத்த சைக்கிள்; கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கால் முறிந்து, அந்த வருடப் படிப்பே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா சொன்னார்: "டிரைவரைக் குத்தம் சொல்லி என்ன சார்? அந்த வளைவுல எதிர்ல வர்றது யாருக்குமே தெரியாது." அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அங்கே போய் நின்றேன். வயலில் நோயைத் தேடுகிற மாதிரி ரோட்டைப் பார்த்தேன். தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம். அதனால் பிள்ளைகள் ஓரத்தில் இறங்க முடியாமல் நடு ரோட்டில் ஓட்டினார்கள். மண் ஓரம் முழுக்கச் சீமைக்கருவேல். வாய்க்கால் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வளைவில் 15 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஆளைப் பார்த்துப் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 14 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. என்றால் 40 மீட்டருக்குக் குறையாது. பாரம் ஏற்றியிருந்தால், ரோடு நனைந்திருந்தால் இன்னும் கூடும். 15 மீட்டர் பார்வையில் 60-ல் வருகிறவர் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் தப்ப முடியாது.

சரிவில் ஓடும் தண்ணீரிடம் 'மெதுவாகப் போ' என்று நாம் போர்டு வைப்பதில்லை. வரப்புப் போடுகிறோம், தடுப்பணை கட்டுகிறோம். ரோட்டில் வேகத்துக்கும் அதுதான் வழி.

தோட்டக்காரரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். வளைவில் 100 அடி நீளத்துக்குச் சவுக்கை வெட்டிவிட்டு, அங்கே உளுந்து விதைத்தார். அடுத்த ஆடியில் 11 வாழை சாய்ந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருவேலை ஊர்க்காரர்களே வெட்டினார்கள். தீர்மானம் போட்டு, மனுக் கொடுத்து, 8 மாதம் அலைந்த பிறகு ஒன்றியத்திலிருந்து வந்து ஓரப் பள்ளத்தில் கிராவல் கொட்டி நிரவினார்கள். பாலத்துக்குச் சுவர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடையும் போட்டார்கள்.

வேகத்தடை பற்றி ஒன்று. கோபத்தில் இரவோடு இரவாகக் கூரான மேடு போட்டுவிடாதீர்கள்; முதலில் விழுவது சைக்கிள்காரர்தான். இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவு: ரோட்டின் நீளவாக்கில் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ. மட்டும். சுமார் 25 கி.மீ. வேகத்தில் உலுக்காமல் கடக்கலாம். வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம் வேண்டும்.

உங்கள் ஊரில் ஒருநாள் பள்ளி நேரத்தில் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். கண்ட குறைகளை எழுதிக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு 6 முறை கூடுகிறது. ஊராட்சி ரோடா, ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள்.

சில வேலைகளுக்கு மனு வேண்டாம். ரோட்டோர மண்ணைச் சேர்த்து உழாமல் இருக்கலாம். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டலாம். வளைவில் நெல் காயப் போடாமல் இருக்கலாம்.

அந்தப் பெண் மறுவருடம் அதே சைக்கிளில், அதே வழியாகப் பள்ளிக்கூடம் போனாள். இப்போதும் காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு நடத்தான் சொல்கிறேன். ஆனால் வயலுக்குப் பக்கத்தில் ரோடு இருந்தால், அதன் வழியே பிள்ளைகள் போகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.