தேர்ந்து விடும் சவ்வு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வடிகால்களில் இறங்கி, தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அதே சாலையின் உணவுக்கடைகளிலும் வீடுகளிலும் பயன்படுத்திய நீர் வேறு குழாய்களில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. தீவு முழுவதும் அப்படிச் சேரும் நீரில் ஒரு பகுதி 2003 முதல் ‘புதுநீர்’ என்ற பெயரில் தூய நீராகத் திரும்பி வருகிறது. அந்த நீரைத் தூய்மையாக்கும் முக்கிய வேலையைச் செய்வது மெல்லிய ஒரு சவ்வு. நீரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நகரில் அந்தச் சவ்வைப் பற்றிய பேச்சு, அழுக்கைத் தடுக்கும் நுண்ணிய சல்லடை என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சவ்வுகளில் எல்லாம் மூத்தது நம் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருப்பது. அதன் அமைப்பை ஆராய்ந்தால், எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சவ்வை மதிப்பிட முடியாது என்று தெரியும். எதை அடையாளம் கண்டு விடுகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதே சரியான அளவுகோல். சிங்கப்பூரின் நீர்த் திட்டங்களையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் பரப்பினார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை நிரப்பியது. செல்லைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள், அது நிலைத்தது. பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் நீரை விலக்கும். ஆகவே நீருக்குள் அவை வால்களை நடுவே மறைத்துக்கொண்டு தாமாகவே இரண்டு அடுக்காக நிற்கின்றன. மொத்தத் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான். ஆக்சிஜன் அதை எளிதில் கடந்துவிடும். மின்னேற்றமுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகளால் கடக்க முடியாது. தடுப்பதுதான் சவ்வின் வேலை என்றால் இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வெறும் கொழுப்பால் மூடிய செல் பட்டினி கிடந்து சாகும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த சித்திரத்தில், இளகிய அந்தக் கொழுப்பு அடுக்குக்குள் புரதங்கள் பதிந்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. தேர்ந்து விடும் வேலை அந்தப் புரதங்களுடையது.

அந்தத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரின் ஆய்வுகள் சான்று. பீட்டர் அக்ரி, செல்லுக்குள் நீர் செல்லும் வழியான அக்குவாபோரின் என்ற புரதத்தைக் கண்டறிந்தார். அதை உண்டாக்கும் மரபுச் செய்தியைத் தவளை முட்டைச் செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லை உப்புக் குறைந்த நீரில் இட்டபோது அது வீங்கி வெடித்தது. ஒரே ஒரு அக்குவாபோரின் வழியாக விநாடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் கடக்கும். ஆனால் நீரைவிட மிகச் சிறியதான புரோட்டான் கடக்காது. ரோடரிக் மெக்கின்னன் ஆராய்ந்த பொட்டாசியம் வாயில் இன்னும் வியப்பானது. சிறிய சோடியம் அயனியை அது ஒதுக்கிவிட்டுப் பெரிய பொட்டாசியத்தை விடுகிறது. வாயிலின் உட்புறத்திலுள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தை நீர் சூழ்ந்திருப்பது போலவே கச்சிதமாக அதை ஏந்திக்கொள்கின்றன. சோடியத்துக்கு அந்தப் பிடி பொருந்துவதில்லை. பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்க எந்தச் சல்லடையாலும் முடியாது. இங்கே நடப்பது அளவு பார்த்து வடிகட்டுவது இல்லை, ஆள் அறிந்து அனுமதிப்பது.

கழிவாகப் போன நீரைச் சவ்வு எப்படி மீண்டும் குடிக்கத் தக்கதாக்கும் என்ற தயக்கம் இன்னும் பலரிடம் உண்டு. அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று; நீரின் தூய்மை நம் மரபில் ஆழமாக வேரோடிய எண்ணம். ஆனால் நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன; வெளியேறுவது ஒன்று, இரண்டு லிட்டர்தான். மற்ற நீரெல்லாம் செல் சவ்வுகளைக் கடந்து மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. உடலில் நீர் குறைந்தால் ஒரு ஹார்மோனின் கட்டளையால் சவ்வில் கூடுதல் அக்குவாபோரின்கள் வந்து பதிகின்றன. தேவைக்கேற்பத் தன் தேர்வை மாற்றிக்கொள்ளும் சவ்வால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். நீர் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதைக் கடந்து வந்தது என்பதே பொருட்படுத்த வேண்டிய கேள்வி.

மனிதன் செய்த சவ்வு இந்த நுட்பத்தை இன்னும் எட்டவில்லை. இந்தியாவிலிருந்து சென்ற சௌரிராஜனும் சிட்னி லோபும் கலிபோர்னியாவில் 1960ஐ ஒட்டி உருவாக்கிய சவ்வே, நீரை அழுத்திச் சவ்வைக் கடக்க வைக்கும் எதிர் சவ்வூடு பரவலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பயன்படுத்திய நீரை மீட்க 1974இல் சிங்கப்பூர் தொடங்கிய சோதனை ஆலை, செலவும் நம்பகமின்மையும் காரணமாக ஓராண்டுக்குச் சற்று மேல் ஓடி மூடப்பட்டது. சவ்வுகள் மேம்பட்ட பிறகே புதுநீர் கைகூடியது. கடல்நீரைக் குடிநீராக்க இன்றும் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. இதைக் குறைக்கும் முயற்சியில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குவாபோரின் பதித்த கொழுப்பு நுண்குமிழ்களைப் பாலிஅமைடு படலத்துக்குள் இட்டுச் சவ்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். கொழுப்புச் சவ்வு ஆலை அழுத்தத்தில் கிழிந்துவிடுமே என்ற ஆட்சேபத்துக்கு அந்தப் படலமே அவர்கள் தந்த விடை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. செல்லும் இலவசமாக எதையும் பிரிப்பதில்லை. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரத இயந்திரத்துக்கே, ஓய்வில் இருக்கும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செலவாகிறது. சுங்கை பூலோ சதுப்புநிலத்தின் அலையாத்தி மரங்கள் உப்புநீரில் நின்று நன்னீர் எடுக்கின்றன என்றால், இலைகளில் நீரை ஆவியாக்கி, வேரிலிருந்து மேலே இழுக்கும் வெயில்தான் அந்தச் செலவை ஏற்கிறது. எடுத்த கடல்நீரில் பாதியை நன்னீராக்க வேண்டுமானால், வெப்ப இயக்கவியல் விதிப்படி நன்னீரின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோவாட் மணி தேவை. எந்தப் புரதமும் இதைக் கீழே இறக்காது. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்தைத் தெளிவாக்குகிறது. இயற்கை வாங்கியே தீரும் விலை வேறு, நம் சவ்வின் குறையால் நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை வேறு. ஆய்வு குறைக்கக்கூடியது இரண்டாவதை மட்டுமே.

ஆகவே சவ்வு ஆய்வுக்குச் சிங்கப்பூர் செலவிடும் பணம் நல்ல முதலீடு. ஆனால் செலவே இல்லாத நீரை அது ஒருநாளும் தராது. மலேசியாவின் ஜொகூருடனான 1962 நீர் ஒப்பந்தம் 2061இல் முடியும்போது, கடலையும் பயன்படுத்திய நீரையும் இந்தத் தீவு இன்னும் அதிகமாகச் சார்ந்திருக்கும். அன்று குழாயில் வரும் ஒவ்வொரு லிட்டருக்குப் பின்னாலும் எந்தத் திறமையாலும் தள்ளுபடி செய்ய முடியாத ஓர் ஆற்றல் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கின் மொத்தத்தைக் குறைக்கும் வழி ஆய்வகத்தில் இல்லை. வீணாக்காமல் விடும் நீரில்தான் இருக்கிறது. பள்ளிகளில் செல் சவ்வைப் படமாக வரைந்து பெயர் குறிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், தேர்வுக்கு விலை உண்டு என்ற இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கற்பித்தால், நீருக்கு ஏன் கட்டணம் கொடுக்கிறோம் என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கும்.