கொடி வைக்காத மேசை

பக்வாஷுக்குப் போக வேண்டும் என்றதும் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் என் மச்சினன் சிரித்துவிட்டான். “அங்க என்ன அத்தான் இருக்கு? உப்புச் சுரங்கமும் சிங்கி இறாலும்தான். டொரான்டோவுக்கு டிக்கெட் போட்டா நயாகராவாவது பாக்கலாம்.” ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவனே காரை எடுத்தான்.

கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வட கரையில் இருக்கிறது பக்வாஷ். ட்ரூரோவைத் தாண்டி, சிரித்த முகத்தோடு ராட்சத ப்ளூபெர்ரிப் பொம்மை நிற்கும் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அரைமணி நேரம். தெருப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியும் இருக்கிறது. சுரங்கத்தில் வெட்டும் உப்பைத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க அந்த உப்புத்தான். மொத்த ஊரையும் நடந்தே பார்த்துவிடலாம்.

கடலோரத்தில் ஒரு பழைய மரவீடு. பெயர் ‘திங்கர்ஸ் லாட்ஜ்’. 1929இல் ஊரில் பெரிய தீ விபத்து. இந்த ஊரில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உருக்கிலும் ரயில்வேயிலும் கோடிகள் சேர்த்த சைரஸ் ஈட்டன் அதன்பின் வந்து நிலத்தை வாங்கி, பூங்கா அமைத்து, வீட்டையும் செப்பனிட்டார். பக்கத்திலேயே சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் சாப்பாட்டுக்கூடமானது. 1957 ஜூலையில் 22 விஞ்ஞானிகள் இங்கே கூடினார்கள். அணுகுண்டோடு மனிதகுலம் எப்படிப் பிழைப்பது என்பதுதான் பேச்சு.

சுற்றிக் காட்டிய அம்மாள் நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும், “இது உங்கள் நேரு நடத்தியிருக்க வேண்டிய கூட்டம், தெரியுமா?” என்றார். உண்மைதான். முதலில் டெல்லியில் கூடுவதாகத்தான் ஏற்பாடு. 1956இல் சூயஸ் நெருக்கடி வந்து அது கைகூடாமல் போயிற்று. கப்பல் முதலாளி ஒனாசிஸ் மொனாக்கோவுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் வழிச்செலவு முதல் சாப்பாடு வரை தன் பொறுப்பு என்ற ஈட்டனின் அழைப்பு வென்றது. இந்த முதலாளிக்குத்தான் சோவியத் அரசு 1960இல் லெனின் அமைதிப் பரிசு கொடுத்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

கூட்டத்துக்கு வித்து 1955இல் விழுந்தது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் அணு ஆயுத எச்சரிக்கை அறிக்கை ஒன்றை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியிருந்தார். ஏப்ரல் 18 அன்று ரசல் ரோமிலிருந்து பாரிஸுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, ஐன்ஸ்டைன் இறந்த செய்தியை விமானி அறிவித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பாரிஸ் ஓட்டலில் போய் இறங்கினால் ஐன்ஸ்டைனின் சம்மதக் கடிதம் காத்திருந்தது. அந்த ஜூலையில் லண்டனில் வெளியான அறிக்கையில் பதினொரு பேரின் கையெழுத்து. எந்த நாட்டின், மதத்தின் பிரதிநிதியாகவும் இல்லாமல் மனிதர்களாகப் பேசுகிறோம் என்பதுதான் அதன் அடித்தளம்.

அந்தப் பதினொரு பேரில் என்னை இங்கே இழுத்து வந்தவர் ஜோசப் ராட்பிளாட். வார்சாவில் பிறந்த யூதர். 1939இல் லிவர்பூலுக்கு ஆராய்ச்சிக்குப் போனவர், மனைவி டோலாவை அழைத்து வரக் கோடையில் ஊர் திரும்பினார். டோலாவுக்குக் குடல்வால் நோவு. தேறியதும் வரட்டும் என்று தனியே கிளம்பினார். இரண்டே நாளில் போர் மூண்டது. டோலா வந்து சேரவேயில்லை. ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற பயத்தில்தான் ராட்பிளாட் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலைக்குப் போனார். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்பது 1944 கடைசியில் தெளிவானதும் வேலையை விட்டுக் கிளம்பிவிட்டார். மனசாட்சியின் பேரில் அந்தத் திட்டத்தை விட்டு விலகிய விஞ்ஞானி அவர் ஒருவர்தான். ரஷ்ய உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். ஊர் திரும்பும் வழியில் அவருடைய காகிதப் பெட்டி ரயிலில் காணாமலே போயிற்று. பிறகு லண்டனில் மருத்துவ இயற்பியலுக்கு மாறிக்கொண்டார்.

சுவரில் 1957இல் எடுத்த குழுப்படம். ஜப்பானின் யுகாவாவும் டோமோனாகாவும் இருக்கிறார்கள். ஹிரோஷிமா நடந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அணுச் சங்கிலி வினையை முதலில் கற்பனை செய்த லியோ சிலார்டும் இருக்கிறார். மூன்று சோவியத்காரர்கள், ஏழு அமெரிக்கர்கள். நான் அதிக நேரம் பார்த்தது பீக்கிங் பல்கலைக்கழகத்துச் சோ பெய்யுவானை. மக்கள் சீனக் குடியரசைக் கனடா 1970இல்தான் அங்கீகரித்தது. இந்த நாட்டின் கணக்கில் அன்று இல்லாத ஓர் அரசின் குடிமகன், இந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, நம்மூர்ச் சிங்கிக்கு இல்லாத பெரிய கொடுக்கை உடைத்துச் சாப்பிட்டிருப்பார்.

உலகக் குடிமகன் என்றால் பொதுவாக எனக்கு அலுப்புத்தான் வரும். விசா அலுவலக வரிசையில் நின்ற எவனுக்கும் அந்தச் சொல்லின் மதிப்பு தெரியும். ஆனால் பக்வாஷில் அது நடைமுறை விதியாக இருந்திருக்கிறது. வந்தவர்கள் யாரும் அரசுப் பிரதிநிதிகள் அல்லர். மேசையில் கொடி இல்லை. பேசியதை வெளியே யார் பெயரிலும் போடக் கூடாது. அதனால் சொந்த அரசின் நிலைப்பாட்டுக்கு மாறாகவும் ஒருவர் வாய்விட்டு யோசிக்க முடிந்தது. சோவியத்காரர்களுக்கு அது முழுதாக முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டுமே. ஆனாலும் ஊர் திரும்பி மேலிடத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய ஆட்களாக அவர்கள் இருந்தார்கள்.

1995இல் நோபல் அமைதிப் பரிசு பாதி ராட்பிளாட்டுக்கும் பாதி இந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த பக்வாஷ் இயக்கத்துக்கும் கிடைத்தது. நாட்டுப்பற்றுக்கு மேலே மனிதகுலப் பற்று ஒன்று வேண்டும் என்று ராட்பிளாட் அந்த மேடையிலும் பேசினார். இயக்கத்தின் 25ஆவது மாநாடு 1976இல் சென்னையில்தான் நடந்தது. பிறகு நம் எம்.எஸ். சுவாமிநாதனும், அவருக்குப்பின் இலங்கையின் ஜயந்த தனபாலவும் தலைவர்களாக இருந்தார்கள். 1998இல் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு வெடித்த அன்று எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். சென்னை மாநாட்டைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் மச்சினன் கேட்டான்: “இத்தனை பேர் பேசி என்ன ஆச்சு அத்தான்?”

நியாயமான கேள்வி. 1986இல் உலகத்தில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 12,000. குறைத்தது அரசுகள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் ரகசியமாகக் குண்டு சோதித்து ஏமாற்றுகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் அன்று பேச்சு முறிந்தது. எதிரி நாட்டு ஆய்வுக்குழு தன் மண்ணில் கால் வைக்கச் சோவியத் அரசு எளிதில் ஒப்பவில்லை. ஆளில்லாத, முத்திரையிட்ட நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை வைக்கலாமே என்ற யோசனையை 1962 பக்வாஷ் மாநாட்டில் இருதரப்பு விஞ்ஞானிகளும் சேர்ந்தே எழுதினார்கள். மறுவருடம் வந்த அணுச் சோதனைப் பகுதித் தடை ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டது; யோசனை மட்டும் சாகவில்லை. இன்று அணுச் சோதனை முழுத் தடை ஒப்பந்தத்துக்காக வியன்னாவிலிருந்து இயங்கும் கண்காணிப்பு வலையில் முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள். வடகொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அது பிடித்தது. கண்டி பக்கத்தில் பல்லேகலையிலும் ஒரு நிலையம் இருக்கிறது.

“இந்தியாவுல?”

“கிடையாது. அந்த ஒப்பந்தத்துல நாம கையெழுத்தே போடல.”

“கனடா போட்டுச்சா?”

“அதுல போட்டுச்சு. அணுகுண்டையே தடை செய்யற 2017 ஒப்பந்தத்துல போடல. நேட்டோவுல இருக்காங்கல்ல.”

“சரியாப்போச்சு,” என்றவன் ஆக்ஸ்ஃபோர்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அக்காவுக்கு இரண்டு டப்பா ப்ளூபெர்ரி வாங்கப் போனான்.