வாரியத்துல பேர் இருக்கா?

மாசச் சம்பளக்காரரா நீங்கள்? 2020 மார்ச் 25-ல் உங்கள் ஆபீஸுக்குத்தான் பூட்டு. ஆட்டோ ஓட்டுபவருக்கு வருமானத்துக்கே பூட்டு.

அதற்கு முந்தைய நாள் தமிழக அரசு அறிவித்தது: அரிசி ரேஷன் கார்டு ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய். நல வாரியத்தில் பதிவு செய்த ஆட்டோ டிரைவர்களுக்கு இன்னும் ஓர் 1,000 ரூபாய். கூடவே 15 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய். நல்ல விஷயம்தான். ஆனால், 'பதிவு செய்த' என்ற இடத்தில்தான் பலருக்கு வண்டி நின்றுவிட்டது.

எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஒருவர். லைசென்ஸ் உண்டு, பேட்ஜ் உண்டு, கடனில் வாங்கிய சொந்த வண்டியும் உண்டு. வாரியத்தில் பேர் மட்டும் இல்லை. "அலைஞ்சா ஒரு நாள் சவாரி போயிடும் சார். அதான் விட்டுட்டேன்" என்றார்.

தவணையை மூன்று மாசம் தள்ளிப்போடலாம் என்றது ரிசர்வ் வங்கி. பிறகு ஆகஸ்ட் வரை நீட்டியது. ஆனால், வட்டி தள்ளிப்போகவில்லை. வண்டி நின்றது, மீட்டர் ஓடியது!

உங்கள் சம்பளம் நின்றால், சம்பளச் சீட்டு சாட்சி சொல்லும். அவருக்கு யார் சாட்சி? அந்த வாரிய அட்டைதான். கஷ்டம் வந்தபிறகு பதியலாம் என்றால், ஊரடங்கில் எந்த ஆபீஸுக்குப் போவது?

இப்போது ஆன்லைனிலேயே பதியலாம். உங்கள் ஆட்டோக்காரரிடம், இஸ்திரிக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள்: "வாரியத்துல பேர் இருக்கா?"

இல்லையென்றால், கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அவருக்குச் சவாரியும் போகாது.