திருக்கயிலை வலம்

அன்னூர் மன்னீசுவரரை நாடோறும் வழிபடும் அன்பரொருவர்க்கு அகவை 69. இந்திய அரசினர் நடத்தும் கயிலை யாத்திரைக்கு 70 வயதே மேலெல்லை. 2020 முதல் தடைப்பட்டிருந்த அவ்யாத்திரை 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கவே, அவர் வழித்திட்டம் வகுக்கலாயினார்.

மலைவலம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர்; மூன்று நாள் நடை. தார்ச்சென்னினின்றும் புறப்பட்டு, முதலிரவு திராபுக்கிலும் மறுவிரவு சுதுல்புக்கிலும் உள்ள எளிய விடுதிகளில் தங்கல் வேண்டும். இடைநின்ற தோல்மா கணவாயோ 5,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். ஆங்கு மூச்சு விடுதலே அரிது. கம்பளிக்கும் மருந்துக்கும் முன்னதாக அவர் குறித்துக்கொண்டது திருநீற்றுப் பையை. சுமை மிகுதல் தகாதென்று பதிகநூலை மட்டும் விடுத்தார், மனப்பாடம் உண்டன்றோ!

துணைவியார் உடன்பட்டிலர். கயிலை காணச் சென்ற அப்பரடிகளும் வழியில் உடல் தேய்ந்து திருவையாற்றிலன்றோ காட்சி பெற்றார், ஐயாறு நமக்கு அணித்தாயிற்றே என்றார். அடிகள் வடதிசை நோக்கிப் புறப்படாமலே ஐயாற்றிற் காட்சி பெற்றாரல்லரே என்றார் அன்பர். அம்மையார் நெடுநேரம் வாளாவிருந்தார்.

மாசியில் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி, முழங்கால் தாங்குமாவென்று கண்ட பின்னரே விண்ணப்பம் எழுதுவதென முடிவாயிற்று. தாமும் உடன் ஏறுவதாக அம்மையார் கூறிவிட்டார்.