மாமா பட்டறையில் டிரம் ஸ்க்ரூ

காரமடையில் மாசித் தேர் ஓடி முடிந்த கையோடு மாமாவின் பட்டறையில் அம்பாசிடர்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே ஊட்டி சீசன். அதற்கு முன்னால் மேட்டுப்பாளையம் டாக்சிக்காரர்கள் பிரேக் ஷூவை மாற்றிக்கொண்டாக வேண்டும். குன்னூரிலிருந்து இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வந்து சேரும்போது பிரேக் டிரம்மில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். மலைமேல் பனியும் மழையும். கீழே வந்தால் பவானி ஆற்றுத் தண்ணீரில் வண்டிக் குளியல். துருப் பிடிக்காமல் என்ன செய்யும்?

பள்ளிக்கூடம் விட்டதும் பையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடிவிடுவேன். மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஓலைச் சார்ப்பு. பக்கத்துக் களத்தில் கறிவேப்பிலைக் கட்டுகளை லாரியில் ஏற்றுவார்கள். அந்த வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்துதான் எனக்கு அந்த இடம் நினைவிருக்கிறது.

அம்பாசிடரின் சக்கரத்தைக் கழற்றினால் டிரம் தெரியும். அதை ஹப்போடு பிடித்திருப்பவை 2 சின்ன ஸ்க்ரூ. கூம்புத் தலை, பள்ளத்துக்குள் மட்டமாக இறங்கியிருக்கும். நடுவில் ஒரு வெட்டு. வண்டி ஓடும்போது டிரம்மை இறுக்கி வைப்பதென்னவோ சக்கர நட்டுகள்தான். ஆனால் கழற்றும்போது இந்த ரெண்டும் வழிவிட்டால்தான் வேலை நடக்கும். இரும்பு துருவானால் பருக்கும். மரைக்குள்ளும் கூம்பைச் சுற்றியும் பருத்து அடைத்துக்கொண்ட துரு அசைய இடம் கொடுக்காது. திருப்புளியை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் வெட்டின் ஓரம் மழுங்கிவிடும். அப்புறம் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஒரு டிரைவர் வழியிலேயே தானே கழற்றிப் பார்த்து, ஒரு ஸ்க்ரூவை அப்படி மழுக்கிக் கொண்டுவந்தார்.

"சாயங்காலம் ட்ரிப் இருக்குதுங்ணா, கெடச்சுருங்களா?"

"நாளைக்குக் காத்தால வாங்க. இது ராத்திரி ஊறோணுங்க."

மாமா கம்பி பிரஷ்ஷால் தலையைத் தேய்த்தார். வெட்டுக்குள் இருந்த அழுக்கை ரம்ப பிளேடு முனையால் சுரண்டி எடுத்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணித் துண்டை ஸ்க்ரூமேல் அப்பி வைத்தார். துருவை இளக்கும் நல்ல ஸ்பிரேக்கள் இன்று கடைக்குக் கடை கிடைக்கின்றன; அமெரிக்காவில் டபிள்யூடி-40 உருவானது 1953இல். எங்கள் பட்டறைக்கு அது எட்டவில்லை. மண்ணெண்ணெயும் பொறுமையுமே போதுமாக இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே போய்விட்டேன். மண்ணெண்ணெய் சொட்டில்லாமல் துடைத்த பிறகுதான் மாமா புளோ லாம்ப்பைப் பற்ற வைத்தார். ஸ்க்ரூவைச் சுற்றி டிரம்மைச் சூடேற்றி, ஆறவிட்டார். இரும்பு விரிந்து சுருங்கும்போது துரு விரிசல் விடும். பிறகு வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி சாணை பிடித்த பழைய உளியை நேராக நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி.

"இப்பத் திருப்பு சாமி. கழட்டாதே, மொதல்ல இறுக்கு. மயிரிழை போதும்."

இறுக்கினேன். 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம், கையில் ஓர் அதிர்வு. அதற்கப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பியதும் செம்பொடி உதிர உதிர ஸ்க்ரூ வந்தது. இன்றைக்கும் எந்த போல்ட்டைத் தொட்டாலும் அந்த அதிர்வைத்தான் என் விரல்கள் தேடுகின்றன.

மழுங்கிப்போன இன்னொன்று வரவில்லை. மாமா அதன் தலையை டிரில்லால் குடைந்து எடுத்தார். தலை போனதும் டிரம் விடுபட்டது. சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டி இழுத்தார். ஹப்பில் நீட்டிக்கொண்டிருந்த மிச்சத் தண்டு, வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகியதும் சுலபமாக வந்துவிட்டது. இறுக்கமெல்லாம் தலையில்தான் இருந்திருக்கிறது.

உள்ளே கறுப்புத் தூசி. அதை வாயால் ஊதித் துடைப்பார்கள், நானும் பக்கத்தில் நிற்பேன். அந்த நாள் பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததும் அது நுரையீரலைத் தின்னும் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

அம்பாசிடருக்கு அங்குலக் கணக்கு, பியட்டுக்கு மில்லிமீட்டர். அதனால் ஸ்க்ரூக்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருப்பார். புது ஸ்க்ரூ ரெண்டை எடுத்து, மரையில் மட்டும் விரல் நுனியால் கிரீஸ் தடவினார். கொஞ்சம் கூடினாலும் லைனிங்கில் பட்டு பிரேக் வழுக்கிவிடும் என்று மிச்சத்தைத் துணியால் வழித்தெடுத்தார்.

அடுத்த வருஷம் தேர் முடிந்து அதே வண்டி வந்தது. திருப்புளியை வைத்ததுமே ரெண்டு ஸ்க்ரூவும் சுழன்று வந்துவிட்டன. டிரைவர் சிரித்தார். மாமா அதற்குள் அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்தச் சொல்லிவிட்டார்.