எண்ணுக்குள் ஒளிந்த எழுத்து

வார இறுதி நாட்களில் பகேரியாவில் எம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எம்மிடம், வகுப்பு முடிந்தபின் பெற்றோர் கேட்கும் ஐயங்களுள் இலக்கணம் பற்றியவை மிகச் சிலவே. ஸ்பிட்டின் கடவுச்சொல் மறந்துவிட்டது, சொஜோர்னோ புதுப்பிக்கும் படிவத்தில் தந்தையின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது, புதிய கைத்தொலைபேசிக்கு மாறியதும் பழைய படங்கள் எங்கே போயின என்பனவே பெரும்பாலானவை. நாம் கணினி கற்றவர் அல்லோம். ஊரில் தமிழும் வரலாறும் கற்பித்தோம். இங்கு ஒரு முதியவரின் இல்லத்தில் பணி புரிகின்றோம். ஆயினும் கணினியால் ஒருமுறை நன்றாக இடர்ப்பட்டு, அதனால் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். அவ்வனுபவத்தை இம்மலர் வழியே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானபின், வன்னியில் நாம் கற்பித்த பாடசாலைக்கு இரண்டு கணினிகளும் ஒரு மின்பிறப்பாக்கியும் வந்து சேர்ந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது, கரையோரப் பிள்ளைகள் பலர் எமது வகுப்பில் வந்து சேர்ந்தனர். கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைப்பதும், மீண்டும் ஊறும்வரை காத்திருப்பதுமே அந்நாட்களில் ஊரின் பேச்சு. ஆகவே 2005இல் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ‘எங்கள் கிணறு’ எனும் தலைப்பைக் கொடுத்தோம். முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. பாடசாலை மலராக அச்சிடும் எண்ணத்துடன், மின்பிறப்பாக்கியின் எண்ணெய் தீரும்வரை மாலைதோறும் அவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தோம்.

அதுவும் இலகுவாக நடந்ததன்று. ஆங்கிலத்துக்கென அமைந்த சொற்செயலி, வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் ஆங்கிலச் சிறிய ‘வி’ எகரம், பெரிய ‘வி’ ஏகாரம். எனவே நாம் ‘எங்கள் கிணறு’ என்று தட்ட, கணினி ‘ஏங்கள் கிணறு’ என்று திருத்தியது. முப்பத்தொரு கட்டுரைகளிலும் அதனைத் திருத்தி முடித்தபின்னரே, அவ்வசதியை நிறுத்திவைக்க வழியுண்டு என்று அறிந்தோம்!

2006 யூலையில் அக்கட்டுரைகளை ஓர் இறுவட்டில் பதிந்து, அச்சகத்தில் கொடுக்குமாறு யாழ்ப்பாணத்திலிருந்த எமது தமக்கையாரிடம் ஒப்படைத்தோம். ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் போர் மூண்டு, ஏ-9 பாதை மூடப்பட்டது. மலர் அச்சேறவில்லை. பிள்ளைகள் கைப்பட எழுதிய கொப்பிகள் எம்முடனேயே இருந்தன. 2009இல் இடத்துக்கு இடம் பெயர்ந்த வழியில் அவை எங்கே விழுந்தன என்று எமக்குத் தெரியாது. அம்முப்பத்தொருவருள் எழுவர் உயிருடன் இல்லை என்பது தெரியும். பன்னிருவர் எங்கே இருக்கின்றனர் என்பது தெரியும். ஏனையோரைப் பற்றி எதுவும் தெரியாது.

2016இல் தமக்கையார் அனுப்பிய பொதியில், மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் இடையே அந்த இறுவட்டு வந்து சேர்ந்தது. எமது மடிக்கணினியில் இறுவட்டு இடும் வாயே இல்லை. பலெர்மோ மத்திய ரயில் நிலையத்துக்கு அண்மையில் ஒரு கடையில் அதற்கான கருவியை வாங்கி வந்து, இரவு பதினொரு மணிக்குக் கோப்பைத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்! ஒரு சொல்லேனும் தமிழாக இல்லை. பத்தாண்டுகள் வெக்கையில் கிடந்து இறுவட்டுப் பழுதாகிவிட்டது என்றே முடிவு செய்தோம். எறிய மனமின்றி மேசை இழுப்பறையில் இட்டு, இரண்டு மாதங்கள் அதனைத் தொடவில்லை.

எமது பள்ளியில் பயின்று, பின்னர் பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் கற்ற மாணவி ஒருவர் ஒருநாள் வகுப்புக்கு உதவ வந்திருந்தார். அவரிடம் அக்கோப்பைக் காட்டினோம். ஒரு நிமிடம் பார்த்தார்.

“சேர், இது பழுதாகேல்லை. இந்தக் கணினியிலை பாமினி இல்லை, அவ்வளவுதான்.”

“அதெப்படிப் பிள்ளை? எழுத்தே மாறிக் கிடக்குதே.”

“எழுத்து மாறேல்லை சேர். எழுத்தெண்டு அதுக்குள்ளை ஒண்டுமில்லை. எண்தான் இருக்கு.”

பின்னர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ‘அம்மா’ என்று பாமினியில் தட்டும்போது அது சேமிப்பது 109, 107, 59, 107, 104 எனும் ஐந்து எண்களை. அவை ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் ஆகியவற்றுக்கு உரிய எண்கள். பாமினி எழுத்துரு அவ்வெண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகின்றது. போர்வையை நீக்கினால் எஞ்சுவது ஆங்கில எழுத்து. ஒருங்குறி எனும் பொதுமுறையிலோ அதே ‘அம்மா’ 2949, 2990, 3021, 2990, 3006 என்று அமையும். அவை தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். வேறெந்த மொழியும் அவற்றில் குடியிருப்பதில்லை.

அவ்வாறாயின் தொடக்கத்திலேயே பொதுமுறையைக் கைக்கொண்டிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதனைக் காட்டவல்ல கணினிகள் அன்று எம்மவர் கைகளில் இல்லை. விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது மெல்லப் பரவியது. அதுவரை தமிழ் காத்திருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை ஆக்கினார். சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களைக் கையாண்டமையால் ஒருவர் எழுதியதை மற்றவரால் வாசிக்க இயலாத நிலை தோன்றியது. அதனைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடினர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. வீதி போடும்வரை ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்கள் அவர்கள். கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைப் பழைய குறியீட்டிலிருந்து பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது.

எமது கட்டுரைகளையும் அம்மாணவி ஒரு மாற்றியின் உதவியுடன் சில நொடிகளில் ஒருங்குறியாக்கித் தந்தார். எம்மால் முதற் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கண் மறைத்தது.

ஆயினும் மாற்றி செய்த வேலை முழுமையானதன்று. பாமினியில் ஔகாரக் குறிக்கெனத் தனி எழுத்து இல்லை. கொம்பும் ளகரமுமே அதற்கும் பயன்படும். ஆகவே ‘தெளிந்த’ என்பதில் வரும் ‘தெளி’யைக் கண்ட மாற்றி, அதனை ஔகாரமென எண்ணித் ‘தௌிந்த’ என்று ஆக்கிவிட்டது. வெளிச்சம், வெள்ளம், வெளியே என்பனவும் அவ்வாறே கெட்டன. கிணறு தெளிந்த கதையை எழுதிய முப்பத்தொரு பிள்ளைகளின் கட்டுரைகளிலும் இப்பிழை நிறைந்திருந்தது. அதனைத் திருத்தச் சுருக்குவழி உண்டென்று மாணவி கூறினார். நாம் வேண்டாமென்றோம். நான்கு வாரங்கள், வேலை முடிந்து வந்த இரவுகளில், ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் திருத்தினோம். கிணறு தெளிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னாலும் அம்மா இன்னும் குடிக்கவில்லை என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அவன் அவ்வெழுவருள் ஒருவன். 2005இல் அவ்வரியைத் தட்டச்சுச் செய்தபோது அதில் ஒற்றுப்பிழை உள்ளதா என்று மட்டுமே நாம் பார்த்திருந்தோம்.

இவ்வனுபவத்தால் கற்றவற்றைப் பெற்றோர்க்கும் இளையோர்க்கும் சுருங்கக் கூறுகின்றோம்.

முதலாவது, பழைய தமிழ்க் கோப்பொன்றைத் திறக்கும்போது ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தோன்றினால் அது பழுதென்று எறியற்க. எழுத்துரு இல்லாமையே காரணமாகலாம்.

இரண்டாவது, மூலக் கோப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு, அதன் பிரதியொன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியபின் அதனை மனிதர் ஒருவர் வாசிக்க வேண்டும். எகரக் கொம்பையடுத்து ளகரம் வரும் இடங்களையும், ரகரமும் அரவும் மயங்கும் இடங்களையும் சிறப்பாகக் கவனிக்க.

மூன்றாவது, இனி எழுதுவன யாவும் ஒருங்குறியில் அமைக. இன்றைய கைத்தொலைபேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கின்றது. அமைப்புப் பகுதியில் விசைப்பலகையின் கீழ்த் தமிழைச் சேர்த்தல் போதும்.

நான்காவது, ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படமெடுத்து வைப்பது நன்று. அதனோடு எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தட்டச்சுச் செய்தும் வைக்க. பெயரில்லாத ஆயிரம் படங்களுள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தல் எளிதன்று.

ஐந்தாவது, எதனையும் இரண்டு இடங்களில் வைக்க. ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்க. எமது கட்டுரைகள் தப்பியமைக்கு அறிவன்று காரணம். ஒரு பிரதி யாழ்ப்பாணத்தில் இருந்ததே காரணம்.

நாம் வாழும் இப்பகேரியா, 1899இல் பிறந்து 1997இல் மறைந்த இஞ்ஞாசியோ புத்தித்தா எனும் கவிஞரின் ஊர். இத்தாலிய மொழியை விடுத்துத் தம் தாய்மொழியாகிய சிசிலியனிலேயே அவர் பாடினார். அவருடைய மொழியை எழுத இங்குள்ள எந்த விசைப்பலகையும் போதும். எமக்கு அவ்வசதி தானாகக் கிட்டவில்லை. பலர் உழைத்துத் தந்த பின்னரும் அதனைப் பயன்படுத்தாது விடுதல் எமது குற்றமே ஆகும்.

எமது பள்ளியின் முந்தைய ஆண்டு மலர்கள் சிலவும் பாமினியில்தான் தட்டச்சாகின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை மேல்வகுப்பு மாணவருடன் தொடங்கியுள்ளோம். உங்கள் இல்லங்களிலும் பழைய இறுவட்டுகளோ நெகிழ்வட்டுகளோ இருப்பின், சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது எடுத்து வாருங்கள். இறுவட்டு வாசிக்கும் கருவி பள்ளி அலுமாரியில் இருக்கின்றது. நெகிழ்வட்டுக்கு உரியதை வாங்க எண்ணியுள்ளோம். திறந்து பார்ப்போம், பின்னர் ஒன்றாக இருந்து வாசிப்போம்.